வால்பாறை மழைக்காட்டில் பட்டாம்பூச்சி, பூச்சிப் படங்கள்: மேக்ரோ வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

திருப்பூர்_கார்த்தி

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் நாலு நாள் வால்பாறை போறோம், நானும் தம்பியும். கையில இருக்கிறது ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர், 100 எம்எம் மேக்ரோ (சின்னதை ரொம்பக் கிட்டப் போய் எடுக்கிற லென்ஸ்), பழைய 70-300 லென்ஸ், ஒரு ஃப்ளாஷ். வீட்டுத் தோட்டத்துல எலுமிச்சை அழகி, வெந்தய வரியன் பட்டாம்பூச்சி எடுத்துப் பழக்கம் இருக்கு. அந்த நம்பிக்கையில போன மே மாசம் ஒருநாள் அங்க போனேன். 600 படம் எடுத்ததுல தேறினது நாலு.

மரத்தடியில வெளிச்சமே இல்லைங்க. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவோட ஒளி உணர்திறனை, 6400 போட்டா படம் முழுக்க மணல் தூவின மாதிரி வருது. ஃப்ளாஷ் போட்டா பூச்சி மட்டும் வெள்ளையடிச்ச மாதிரி, பின்னாடி ஒரே இருட்டு. பொன்னழகி ஒண்ணு என் தலைக்கு மேலயே பறந்துச்சு. கேமராவத் தூக்குறதுக்குள்ள மர உச்சிக்குப் போயிருச்சு. அந்தக் கருப்பு, மஞ்சள் இறக்கை இன்னும் கண்ணுலயே நிக்குது.

எங்க நிக்கணும், எப்ப நிக்கணும், ஃப்ளாஷை எப்படி வைக்கணும்? அட்டைக்கும் மழைக்கும் என்ன பண்றீங்க? போய் வந்தவங்க சொல்லுங்க.

மேக்ரோ_முருகு

கார்த்தி, நீங்க ரெண்டு வேலையை ஒரே லென்ஸ்ல செய்யப் பாக்குறீங்க. பொன்னழகி, நீல அழகி மாதிரி பெரிய பட்டாம்பூச்சிக்கு மேக்ரோவே வேண்டாம். 100 எம்எம்மைக் கொண்டுபோய் கிட்ட நீட்டினா எந்தப் பூச்சி உக்காந்திருக்கும்? அந்த 70-300ஐ எடுங்க, ஒண்ணரை ரெண்டு மீட்டர் தள்ளி நில்லுங்க. பூவுல தேன் குடிக்கும்போதும் அழகிகள் இறக்கையை அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். 1/1000 நொடியை விட மெதுவா வச்சா இறக்கை கலங்கிரும். இதுங்களை வெயில் விழுற ஓரத்துல மட்டும் தேடுங்க.

மேக்ரோவும் ஃப்ளாஷும் சின்ன உயிர்களுக்கு: எறும்பு, கும்பிடுபூச்சி, பொன்வண்டு, இலைக்கு அடியில இருக்கிற புழு. கேமராவை மேனுவல்ல வச்சு 1/200 நொடி, எஃப் 11 (லென்ஸ் துளையோட அளவு, எண் கூடினா துளை சின்னதாகும்), ஐஎஸ்ஓ 400னு ஆரம்பிங்க. இந்த அளவுல படத்துக்கான வெளிச்சம் பூராவும் ஃப்ளாஷ்தான். அது குறைஞ்ச ஆற்றல்ல மின்னுற நேரம் ஆயிரத்துல ஒரு நொடியை விடவும் குறைவு, அதனால கை நடுங்கினாலும் படம் நிக்கும்.

வெள்ளையடிச்ச மாதிரி வர்றதுக்குக் காரணம் ஃப்ளாஷோட சின்ன முகம். டிஃப்யூசர், அதாவது வெளிச்சத்தைப் பரப்பி விடுற திரை வேணும். நான் காசு கொடுத்து வாங்கினதை விட, உள்பக்கம் பளபளப்பா இருக்கிற சிப்ஸ் டப்பாவை நீளவாக்குல வெட்டி முனையில ரெண்டு அடுக்கு டிரேசிங் பேப்பர் ஒட்டினதுதான் நல்லா வேலை செய்யுது. அந்தத் தாள் பூச்சிக்கு எவ்வளவு கிட்ட வருதோ அவ்வளவுக்கு நிழல் மெத்துன்னு விழும். வண்டு முதுகுல அந்த அசிங்கமான வெள்ளைப் பொட்டும் போயிரும். பின்னாடி இருட்டாகாம இருக்க, பூச்சிக்கு ஒரு சாண் பின்னால இலையோ மரப்பட்டையோ இருக்கிற கோணத்தைத் தேடுங்க.

கூர்மை கூடும்னு எஃப் 22க்குப் போயிராதீங்க. ஒண்ணுக்கு ஒண்ணு அளவுக்கு, அதாவது பூச்சி சென்சார்ல நிஜ அளவுலயே விழுற அளவுக்கு நெருங்கினா, லென்ஸ் காட்டுற எண்ணைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்குதான் உண்மையான எஃப் எண். எஃப் 11 வச்சா 22 வச்ச மாதிரி. அதுக்கு மேல மூடினா ஒளிச்சிதறல்ல முழுப் படமும் மழுங்கிரும்.

சோலைக்கிளி

தம்பி, நான் இதே மலையில பொறந்து வளர்ந்தவள். அம்மா தேயிலை பறிச்சாங்க, நான் இங்கயே டீச்சரா இருக்கேன். கேமரா பத்தி முருகு சொல்லிட்டார், செடியைப் பத்தி நான் சொல்றேன்.

பட்டாம்பூச்சியைத் தேடாதீங்க, அது வந்து உக்கார்ற செடியைத் தேடுங்க. உங்க பொன்னழகி முட்டை வைக்கிறது ஈஸ்வரமூலி வகைக் கொடிகள்லதான். அந்தக் கொடி இருக்கிற ஓரத்துல அரைநாள் நின்னா பெண் பூச்சி தாழப் பறந்து இலை இலையா தொட்டுப் பார்க்கிறதைக் காணலாம். உச்சிக்குப் போனதைத் துரத்தி ஒருத்தரும் படம் எடுத்ததில்லை. நீல அழகியும் மத்த பெரிய அழகிகளும் கிருஷ்ணகிரீடப் பூவுக்கு வரும், ரோட்டோர உண்ணிச்செடிக்கும் வரும். உண்ணிச்செடி இந்தக் காட்டுக்கே வந்தேறிதான், ஆனா பூச்சிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அக்டோபர் கடைசின்னா கிலுகிலுப்பைச் செடியைக் கண்டுபிடிச்சு வைங்க. நீல வரியன் கூட்டம் கூட்டமா அதுல வந்து தொங்கும். காய்ஞ்ச தண்டுல கூட விடாம உறிஞ்சிக்கிட்டிருக்கும். அந்த நேரம் ஒரு முழம் கிட்டப் போனாலும் பறக்காது.

காலையில சீக்கிரம் போறோம்னு ஆறு மணிக்குக் கிளம்பாதீங்க, அது பறவைக்காரங்க நேரம். இங்க வெயில் இறங்கவே எட்டரை ஒன்பது ஆகும். முதல் வெயில் விழுற இலையில இறக்கையை விரிச்சுக் குளிர் காய உக்காரும் பாருங்க, ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும், அதுதான் உங்க நேரம். உச்சிக்கு அப்புறம் மேகம் ஏறிரும்.

அப்புறம் யானை. சாயங்காலம் ரோட்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சா பக்கத்துல யானை இருக்குன்னு அர்த்தம், திரும்பிடுங்க. சிறுத்தையும் நடமாடுற ஊர் இது. தேயிலைக்குள்ள குனிஞ்சு உக்காந்து புழுவைப் படம் எடுக்கிற ஆள் தூரத்துல இருந்து பார்த்தா சின்ன உருவமாத்தான் தெரியும். ஒருத்தர் குனிஞ்சா இன்னொருத்தர் நிக்கணும். தம்பியைக் கூட்டிட்டு வர்றது ரொம்ப நல்லது. எஸ்டேட்டுக்குள்ள போகணும்னா ஆபீஸ்ல கேட்டுட்டுப் போங்க.

வலைத்தட்டான்

டீச்சர் சொன்ன கிலுகிலுப்பை விஷயத்துக்குக் காரணம் சொல்லட்டுமா? (பூச்சியியல் படிக்கிறேன், கோயம்புத்தூர்.) அந்தச் செடியில ஒருவகை நச்சுக் காரம் இருக்கு. நீல வரியன் ஆண்கள் அதை உறிஞ்சிச் சேர்த்துத்தான் பெண்ணை ஈர்க்கிற வாசனையைத் தயாரிக்குது. உடம்புல அது ஏறினா பறவைக்கும் கசக்கும். சேத்துல கூட்டமா உக்கார்றதும் ஏறக்குறைய அப்படித்தான். பெரும்பாலும் இளம் ஆண்கள். ஈர மண்ணுல இருக்கிற உப்பு, குறிப்பா சோடியம், பூவுல கிடைக்கிறதில்லை. சேத்துல இருந்து எடுத்த உப்புல ஒரு பங்கை இணையும்போது பெண்ணுக்குக் கொடுத்துரும். அது முட்டைக்குப் போகும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டா ஓடையோரத்துல எங்க உக்காரணும்னு புரியும். ஓடுற தண்ணிக்குப் பக்கம் இல்ல, மாடோ யானையோ மூத்திரம் பெய்ஞ்ச, சோப்புத் தண்ணி வடிஞ்ச மணல்லதான் கூட்டம் சேரும். முதல்ல ஒண்ணு உக்காரணும், அதைப் பார்த்துத்தான் மத்தது இறங்கும். எழுப்பி விட்டுட்டா மறுபடி சேர இருபது நிமிஷம் ஆகும். ஊர்ந்து போங்க, உங்க நிழல் அது மேல விழாம பாத்துக்கங்க.

சொல்ல மறந்தேன்: பொன்னழகிதான் ரொம்ப காலம் இந்தியாவோட பெரிய பட்டாம்பூச்சியா கணக்குல இருந்துச்சு, 190 மில்லிமீட்டர். 2020ல உத்தராகண்ட்ல அளந்த கோல்டன் பேர்ட்விங் பெண் 194 வந்து முந்திருச்சு. நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!

ஈப்போ_தேவா

வணக்கம், மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். தம்பி சொன்ன உப்புக் கதை எங்கள் பக்கம் கண் முன்னால் நடக்கிறது. பேராக்கில் கோப்பேங் பக்கத்தில் உலு கெரோ என்று செமாய் ஒராங் அஸ்லி மக்களின் கிராமம். அங்கே வெந்நீர் ஊற்று கசியும் மண்ணில் ராஜா புரூக் பட்டாம்பூச்சி ஆண்கள் டஜன் கணக்கில் இறங்கும். கருப்பு இறக்கையில் பல் பல்லாகப் பச்சை, கழுத்தில் சிவப்பு. 1855இல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் பெயர் வைத்தது. இப்போது எங்கள் தேசியப் பட்டாம்பூச்சி.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பச்சை சாயம் கிடையாது, செதிலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெரிவது. முதல்முறை நேர் ஃப்ளாஷ் அடித்தேன், செத்த தகரம் மாதிரி வந்தது. வெயில் பக்கவாட்டில் வருமாறு இடம் மாறி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பச்சை படத்தில் ஏறியது. உங்கள் பாரிஸ் பீகாக், புளூ ஓக்லீஃப் பட்டாம்பூச்சிகள் எல்லாவற்றுக்கும் இதேதான். ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதைவிட ஐந்து கோணத்தில் நான்கு நான்கு எடுங்கள்.

கிளிக்_குமரன்

எல்லாரும் இவ்வளவு கஷ்டப்படணுமா? என் வழி சுலபம். பூச்சியைச் சின்ன டப்பாவுல பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம் வச்சா அசையாது. நல்ல பூவுல வச்சு, தண்ணி தெளிச்சு, ட்ரைபாட் போட்டு, ஃபோகஸை மாத்தி மாத்தி 30 படம் எடுத்து, முழுசும் கூர்மையா வர ஒண்ணா அடுக்கலாம். சூடானதும் பறந்து போயிரும். பூச்சிக்கு ஒண்ணும் ஆகாது.

வலைத்தட்டான்

ஒண்ணும் ஆகாதுன்னு எப்படிச் சொல்றீங்க அண்ணா? பூச்சி உடம்புச் சூடு வெளிச்சூட்டை நம்பித்தான் இருக்கு. குளிர்ல வச்சா அது தூங்கறதில்லை, தசை வேலை செய்யாம விறைச்சுக் கிடக்குது. நீங்க படம் எடுத்து முடிக்கிற நேரம் ஓணானுக்கும் எறும்புக்கும் அது தட்டுல வச்ச சோறு. பிடிக்கும்போது உங்க விரல்ல ஒட்டுற தூள் அத்தனையும் அதோட செதில். போனது திரும்ப முளைக்காது. சட்டமும் இருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணையில பட்டாம்பூச்சிகளும் இருக்கு. எது அட்டவணையில வர்றதுன்னு டப்பாவை மூடுறப்ப உங்களுக்குத் தெரியுமா?

பொள்ளாச்சி_ரவி

குமரன் தம்பி, நான் இதைச் செஞ்சிருக்கேன். பல வருஷம் முன்னாடி ஒரு போட்டிக்கு. அழகி ஒண்ணைப் பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தேன், பரிசும் வந்துச்சு. டப்பாவுல இருந்து எடுக்கறப்ப பின் இறக்கை ஒண்ணு மடங்கிருச்சு. அது படத்துல தெரியாத பக்கம். வெயில்ல விட்டேன், சாயங்காலம் வரைக்கும் அதே இலையில இருந்துச்சு. மறுநாள் இல்லை. பறந்து போச்சுன்னு நினைச்சுக்க எனக்கு ஆசைதான், ஆனா அப்படி நினைக்க முடியலை.

அந்தப் படத்தை எல்லா இடத்துலயும் எடுத்துட்டேன். இன்னொண்ணு, பூச்சியைத் தினம் பாக்கிறவன் கண்ணுக்கு அந்தப் படம் பொய்னு பட்டுன்னு தெரிஞ்சிரும். கால் ஆறும் பிடிமானம் இல்லாம இருக்கும், கொம்பு ரெண்டும் தொங்கும், அது ஒருநாளும் வராத பூவுல உக்காந்திருக்கும். 30 படம் அடுக்கணும்னா விடிகாலையில போங்க. ராத்திரிப் பனியில உக்காந்த தட்டானும் ஈயும் வெயில் வர்ற வரைக்கும் தானா அசையாது. காடே குளிர வச்சுக் குடுக்குது.

கிளிக்_குமரன்

ரவி அண்ணா, இதை நான் யோசிச்சதில்லை. பெரிய பக்கங்கள்ல எல்லாரும் செய்றாங்களேன்னுதான் செஞ்சேன். இனி ஃப்ரிட்ஜ் இல்லை. ஆனா ஒரு கேள்வி, உப்புத் தண்ணி ஊத்துறது, அழுகின அன்னாசி வைக்கிறது? இதுல பூச்சி அதுவா வருது, அதுவா போகுது. இதுவும் தப்பா?

சோலைக்கிளி

குமரன் தம்பி, உங்க ஊர்ல எப்படியோ, வால்பாறையில தப்பு. காரணம் பூச்சி இல்லை. புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரத்துல சிங்கவால் குரங்கு இறங்குது. பழ வாசனைக்குக் கட்டாயம் வரும். ஏற்கனவே வண்டியில அடிபட்டுச் செத்திருக்கு. உப்பு போட்டா மானும் யானையும் அந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கும். நீங்க படம் எடுத்துட்டு நாலு நாள்ல போயிருவீங்க, அந்த வழியா பள்ளிக்கூடம் போறது எங்க பிள்ளைங்க.

மேக்ரோ_முருகு

டீச்சர் சொல்ற இடத்துக்கு அது சரி, மறுக்கலை. ஆனா தங்குற வீட்டு மாடியில கனிஞ்ச வாழைப்பழத் தோல் ஒண்ணு வைக்கிறதையும் இதே தட்டுல நிறுத்துறது அதிகம்னு நினைக்கிறேன். காட்டுக்கு வெளியே, மதில் சுவருக்குள்ள, படம் எடுத்ததும் எடுத்துரலாம்.

சோலைக்கிளி

மாடிக்கும் குரங்கு வரும் சார். நான் ஒத்துக்க மாட்டேன்.

மாத்தளையான்

வணக்கம் உறவுகளே. இலங்கையில இருந்து. எங்கட சிங்கராஜ வனத்திலயும் இதே கதைதான், 1988இல உலக மரபுரிமையா அறிவிச்ச காடு. அங்க வண்ணத்துப்பூச்சியைக் கையால தொடவும் ஏலாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 2020 மே மாதம் யால பூங்காவில வெளிநாட்டுத் தகப்பனும் மகனும் கவர்ச்சிப் பொருள் வச்சுப் பிடிச்ச நூற்றுக்கணக்கான பூச்சிகளோட அகப்பட்டவை. அதில வண்ணத்துப்பூச்சிகளும் இருந்தவை. 2024இல 60 மில்லியன் ரூபாய் தண்டம் விதிச்சாங்கள். அவை கடத்தினவை, நாங்கள் படம் எடுக்கிறவை, ஓம். ஆனா காட்டுக் காவலர் தூரத்தில இருந்து பார்க்கேக்க டப்பாவோட நிக்கிற ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது.

கார்த்தி கேட்ட அட்டைக்கு: அட்டைக் காலுறை வாங்குங்கோ, முழங்கால் வரைக்கும் நெருங்கின நெசவுத் துணி. சவர்க்காரத்தை ஈரமில்லாமல் காலுறையில தேய்ச்சாலும் உதவும், மழை பெய்தால் திரும்பத் தேய்க்க வேணும். கடிச்சால் இழுக்காதேங்கோ. நகத்தால வாய்ப்பக்கத்தை வழிச்சு விட்டால் கழண்டிடும். பூச்சி விரட்டி மருந்தைக் கையில பூசிக்கொண்டு வண்ணத்துப்பூச்சிக்குக் கிட்டப் போறதும் கூடாது. அதே மருந்து கமராவின்ர பிளாஸ்டிக்கையும் உருக்கிப்போடும்.

மேக்ரோ_முருகு

லென்ஸ் பூஞ்சை பத்தி யாரும் சொல்லலையே. மழைக்காட்டுல நாலு நாள் ஈரத்துல இருந்த லென்ஸைப் பைக்குள்ளயே விட்டா ரெண்டு மாசத்துல கண்ணாடிக்குள்ள சிலந்திவலை மாதிரி கோடு படரும். என் 60 எம்எம் லென்ஸ் அப்படித்தான் போச்சு. காத்துப் புகாத சமையலறை டப்பா, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், கொஞ்சம் காசு கூடப் போட்டா ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர். 40ல இருந்து 50 சதவீதம் இருந்தா போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் சமைக்காத பழைய வாணலியில வறுத்தா மறுபடி நீலமாகும், ஜன்னலைத் திறந்து வச்சுச் செய்யுங்க. அரிசிக்குள்ள புதைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, அந்தத் தூசி லென்ஸ் வளையத்துல போய் உக்காந்துக்கும். ஏசி அறையில இருந்து நேரா வெளிய எடுத்தா கண்ணாடி வேர்த்து அரைமணி நேரம் போயிரும். பையை முன்னாடியே வெராண்டாவுல வச்சிருங்க.

திருப்பூர்_கார்த்தி

இவ்வளவு கிடைக்கும்னு நினைக்கலைங்க, நன்றி. ராத்திரி மின்மினி எடுக்கலாமா? ஆனைமலை மின்மினிப் படம் ஒண்ணு பார்த்தேன்.

வலைத்தட்டான்

ஸ்ரீராம் முரளி எடுத்தது. 2023ல வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில முதுகெலும்பிலி நடத்தைப் பிரிவுல ஜெயிச்ச படம். ஒவ்வொண்ணும் 19 நொடி, அப்படி 50 படத்தைச் சேர்த்தது. ஏறக்குறைய 16 நிமிஷம் காடு மின்னினது ஒரே சட்டகத்துல. ஆனா அது காப்பகத்துக்குள்ள, முறையான அனுமதியில நடக்கிற வேலை. உங்களுக்கு ராத்திரிக்கு வெராண்டா விளக்கு போதும். சுவத்துல அந்துப்பூச்சி வந்து உக்காரும். அதிர்ஷ்டம் இருந்தா உள்ளங்கையை விடப் பெரிய அட்லஸ் அந்து. அதுக்குச் சாப்பிட வேலை செய்யுற வாயே கிடையாது, புழுவா இருந்தப்ப தின்னதை வச்சு சில நாள்தான் வாழும். அதனால விளக்கை ராத்திரி பூரா எரிய விடாதீங்க. அந்த நாட்கள் பூரா உங்க சுவத்துலயே கழிஞ்சிரும். விடியறதுக்குள்ள அணைக்கலைன்னா குருவிகளும் ஒண்ணொண்ணா கொத்திட்டுப் போயிரும்.

திருப்பூர்_கார்த்தி

நவம்பர் 3. திரும்பி வந்தாச்சு.

நாலு நாள்ல ரெண்டு நாள் மழை. பொன்னழகி மூணு தடவை வந்துச்சு. ஒரு பெண், டீச்சர் சொன்ன மாதிரியே தாழப் பறந்து கொடியைத் தொட்டுத் தொட்டுப் போனது. 70-300ல 1/1250, படம் கூர்மையா இருக்கு, ஆனா இலை பாதி மறைச்சிருச்சு. அதை இங்க போட்டிருக்கேன். இடத்தோட பேரைப் போடலை, படத்துல இருந்து ஜிபிஎஸ்ஸையும் எடுத்துட்டேன்.

கிலுகிலுப்பையைக் கண்டுபிடிச்சது நான் இல்லைங்க. லைன் வீட்டுப் பக்கம் ஒரு அம்மா, என்ன தேடுறீங்கன்னு கேட்டாங்க. சொன்னதும் காஞ்ச காய் ஒண்ணைப் பறிச்சுக் காதுகிட்ட ஆட்டிக் காட்டினாங்க, கிலுகிலுன்னு சத்தம். அவங்க வீட்டுக்குப் பின்னாடியே பத்துச் செடி. நீல வரியன் முப்பதுக்கு மேல. ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்தோம், தம்பி நின்னுக்கிட்டே இருந்தான்.

அப்புறம் இது. அதே செடியில, பச்சைக் காய்ல ஒரு சின்னப் பச்சைப் புழு, மேல ரெண்டு எறும்பு. சாப்பிடப் போகுதுன்னு நினைச்சேன். சாப்பிடலை, கொம்பால தடவிக்கிட்டே இருந்துச்சு. எஃப் 11, சிப்ஸ் டப்பா டிஃப்யூசர். ஐஎஸ்ஓவைக் கூட்டவே வேண்டியிருக்கலை. இது என்னது?

வலைத்தட்டான்

அருமையான படம்! எறும்பு காவல் காக்குது. புழு முதுகுல இனிப்புச் சாறு சுரக்கும், அதுக்காகத் தடவுது. நீலன் குடும்பத்துப் புழு. கிலுகிலுப்பைக் காயில இருக்கிறதைப் பாத்தா பெரும்பாலும் பட்டாணி நீலன், ஆங்கிலத்துல பீ புளூனு சொல்றது. உங்க வீட்டு அவரையிலயும் வரும். ஆனா புழுவை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். காயில ஓட்டை இருந்துச்சா? எறும்பு எந்த வகைன்னு தெரியற மாதிரி பக்கவாட்டுப் படம் இருக்கா?

திருப்பூர்_கார்த்தி

ஓட்டை இருந்துச்சு, புழுவோட தலை அதுக்குள்ளதான் இருந்துச்சு. பக்கவாட்டுப் படம் ரெண்டு இருக்கு, ராத்திரி ஏத்துறேன். அவரைன்னு சொன்னதும் ஓடிப்போய்ப் பார்த்தேன், எங்க பந்தல்ல காய் இன்னும் பிடிக்கலை. பூ மட்டும் இருக்கு.

சோலைக்கிளி

பூவுலதான் முட்டை வைக்கும் தம்பி. மொட்டுக்கு அடியில பாருங்க. அந்த அம்மா யாருன்னு எனக்குத் தெரியும், அவங்க பேத்தி என் வகுப்புதான். படத்தை எனக்கு அனுப்புங்க, பிரிண்ட் போட்டுக் கொடுத்துடறேன்.